பொதி முதல் லடாக் கேரியர் வரை

பைக்கில் ஊர் சுற்றும் பையன்கள் "பேனியர்" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். பின்சீட்டுக்கு இரண்டு பக்கமும் தொங்குவது துணிப் பையோ அலுமினியப் பெட்டியோ, எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான். கேட்டால் ஏதோ ஜெர்மன்காரன் நேற்று கண்டுபிடித்த சமாச்சாரம் மாதிரி இருக்கும். உண்மையில் அது பழைய ரொட்டிக் கூடை. லத்தீனில் ரொட்டிக்குப் 'பானிஸ்', ரொட்டிக் கூடைக்குப் 'பனாரியம்'. அது பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலத்துக்கு வந்து, கழுதை முதுகில் இரு பக்கமும் தொங்கும் கூடையாகி, பிறகு சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடம் மாறியது.

நம்மிடம் இதற்கு அருமையான சொல் ஒன்று இருக்கிறது: பொதி. பெரும்பாணாற்றுப்படையில் மிளகு மூட்டை சுமந்து போகிற கழுதைக் கூட்டம் ஒன்று வரும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்த மூட்டைகளைப் பெரிய பலாப்பழத்துக்கு ஒப்பிடுகிறார். இரண்டு பக்கமும் எடை ஒத்திருக்கும்படி சேர்த்துக் கட்டிய சுமை என்கிறார். கூடவே, சுமந்து சுமந்து கழுதையின் முதுகில் தழும்பு ஏறியிருப்பதையும் சொல்லிவிடுகிறார். இடமும் வலமும் சமமாக இருக்க வேண்டும், முதுகு தாங்கும் அளவோடு நிறுத்த வேண்டும். பைக் லக்கேஜ் பற்றிய பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது.

இப்போது எதற்கு இந்த ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். காரணம் என் அக்கா மகன். குர்காவ்ங்கில் பொட்டி தட்டுகிறான். வருகிற ஜூனில் இரண்டு சிநேகிதர்களோடு மணாலி வழியாக லே போகிறானாம். பாளையங்கோட்டையிலிருந்து அக்கா போன். "போவாதன்னு சொன்னா கேக்கவா போறான்? நீதான் பக்கத்துல இருக்க. என்னத்தையெல்லாம் கட்டிக்கிட்டுப் போறான்னாவது பாரு தம்பி" என்றாள். அவளுக்கு பயம் வேகத்தைப் பற்றி. எனக்கு பயம் எடையைப் பற்றி. அந்த மலைப்பாதையில் வேகமாகப் போக வழியே இல்லை. ஆனால் கூழாங்கல் மேல், ஓடுகிற தண்ணீருக்குள், மூன்று கிலோமீட்டர் வேகத்தில் சாய்கிற வண்டியைக் கால் ஊன்றித் தாங்க முடியுமா முடியாதா என்பதை எடைதான் தீர்மானிக்கும்.

மருமகன் சாமானோடு வீட்டுக்கு வந்தான். இரண்டு அலுமினியப் பெட்டி, பின்னால் ஒரு டாப் பாக்ஸ், டேங்க் மேல் ஒரு பை, கூடாரம், ஸ்டவ், பத்து லிட்டர் பெட்ரோல் கேன். எல்லாவற்றையும் பாத்ரூம் தராசில் ஒவ்வொன்றாக ஏற்றி எழுதிக் கூட்டினோம். கேன் நிறைந்தால் வரும் எடையையும் சேர்த்து 46 கிலோ. ஸ்லீப்பர் கிளாஸில் நமக்கு ரயில்வே அனுமதிக்கிற இலவச எடையே 40 கிலோதான். பையன் ரயிலையும் மிஞ்சிவிட்டான் :-)

"மாமா, உலகம் பூரா எல்லாரும் இப்படித்தான் போறாங்க" என்றான். உலகம் பூரா எப்படிப் போனார்கள் என்று தேடிப் படித்ததன் விளைவுதான் இது. படித்து முடித்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. ஒவ்வொரு வகைப் பெட்டியும் பையும் ஏதோ ஒரு பயத்துக்குப் பிறந்திருக்கிறது. அது யாருடைய பயம், எந்தச் சாலையில் வந்த பயம் என்று தெரிந்துகொண்டால், நமக்கு எது வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

தையல்காரர் போட்ட கணக்கு

கூடாரத்தோடு ஊர் சுற்றுவது ராணுவத்துக்கும் வேட்டைக்குப் போகிற துரைமார்களுக்கும் உரியதாக இருந்த காலம். கூடாரம் என்றால் வண்டி வேண்டும், மாடு வேண்டும், ஆள் வேண்டும். அதை ஒரு மனிதன் தானே எடுத்துப் போகிற சாமானாக மாற்றியவர்களில் முக்கியமானவர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங். லண்டனில் தையல் தொழில் செய்தவர். சிறு பையனாக இருந்தபோது, 1853-ல், அமெரிக்கப் புல்வெளிகளை ஒரு பெரிய வண்டிக் கூட்டத்தோடு கடந்தவர்.

பெரியவரான பிறகு சைக்கிளில் அயர்லாந்து போய்க் கூடாரம் அடித்துத் தங்கினார். அதைப் பற்றி 1898-ல் புத்தகம் எழுதினார். 1901-ல் இங்கிலாந்தில் சைக்கிள் முகாம்காரர்கள் சங்கம் தொடங்கியது. 1908-ல் முகாம் வாழ்க்கைக்கு ஒரு கையேடே எழுதிவிட்டார். தையல்காரர் ஆனதால் துணியின் கனம் அவருக்கு விரல் நுனியில் தெரியும். கெட்டித் துணியை விட்டுவிட்டு மெல்லிய துணியில் கூடாரம் தைத்தார். கம்பங்களைத் துண்டு துண்டாக்கிச் செருகும்படி செய்தார்.

இதில் நான் கவனித்தது என்னவென்றால், இன்றைய கேம்பிங் பழக்கத்தின் ஒரு வேர் சைக்கிளில் இருக்கிறது. சைக்கிளில் மேடு ஏறும்போது ஒவ்வொரு கிலோவையும் நம் தொடை சொல்லிவிடும். மோட்டார் வந்த பிறகு தொடைக்கு வேலை போய்விட்டது. சுமக்கிற வலி தெரியாததால் மூட்டை பெருத்தது.

உலகம் சுற்றிய மூட்டைகள்

மோட்டார் சைக்கிளில் உலகத்தை முதலில் சுற்றியவர் என்று பெரும்பாலும் சொல்லப்படுபவர் கார்ல் ஸ்டேர்ன்ஸ் கிளான்சி, அமெரிக்கர். 1912-ல் டப்ளினில் கிளம்பினார். வண்டி நான்கு சிலிண்டர் ஹெண்டர்சன். கூட வந்த நண்பர் வால்டர் ஸ்டோரி பாரிஸோடு திரும்பிவிட்டார். கிளான்சி விடவில்லை. ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா பார்த்துவிட்டுக் கப்பலேறி நம் பக்கத்துக்கு வந்தார். இலங்கையில் இறங்கி ஓட்டினார். அப்புறம் பினாங்கு, ஹாங்காங், ஜப்பான் என்று போய், அமெரிக்காவைக் குறுக்கே கடந்து 1913-ல் நியூயார்க் சேர்ந்தார். மொத்தம் 18,000 மைல் என்று கணக்கு.

அடுத்தவர் ராபர்ட் எடிசன் ஃபுல்டன். இவரும் அமெரிக்கர். 1932-ல் லண்டனில் டக்ளஸ் வண்டியில் கிளம்பி, ஒன்றரை வருஷம் போல ஓட்டி டோக்கியோ சேர்ந்தார். நடுவில் இந்தியாவும் உண்டு. 1937-ல் 'ஒன் மேன் காரவான்' என்று புத்தகம் எழுதினார். அவருடைய வண்டிக்குக் கூடுதல் பெட்ரோல் டேங்க்கும், சாமான் பெட்டியும், எஞ்சினுக்கு அடியில் ஒளித்து வைத்த கைத்துப்பாக்கியும் உண்டு. வழியெல்லாம் சினிமாப் படம் எடுத்தார், சுமார் 40,000 அடி. துப்பாக்கி ஒரு பயத்துக்கு, கூடுதல் டேங்க் இன்னொரு பயத்துக்கு. பாலைவனம் தாண்டுகிற மனிதருக்கு இரண்டும் நியாயம்தான். குர்காவ்ங்கிலிருந்து கிளம்புகிறவனுக்கு?

போர் கொடுத்த கான்வாஸும் டின்னும்

மோட்டார் சைக்கிளில் சாமான் கட்டுவதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது போர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் பி.எஸ்.ஏ. எம்20, நார்ட்டன் 16எச் போன்ற வண்டிகளை ஆயிரக்கணக்கில் ஓட்டியது. பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் இரும்புச் சட்டம், அதில் கான்வாஸ் பை. கடிதம் கொண்டு போகிற சிப்பாய் அவ்வளவில் காலம் தள்ளினான். போர் முடிந்து அந்தப் பைகள் பழைய ராணுவச் சாமான் கடைகளுக்கு வந்தன. அங்கிருந்து ஊர் சுற்றுகிறவர்களின் வண்டியில் ஏறின.

இன்னொரு வாரிசு ஜெரிகேன். 'ஜெரி' என்றால் ஜெர்மன்காரனுக்கு ஆங்கிலச் சிப்பாய் வைத்த பட்டப்பெயர். 1937-ல் ஜெர்மனியில் உருவானது. 20 லிட்டர் கொள்ளும். மேலே ஒன்றுக்கு மூன்று கைப்பிடி. நிறைந்த கேனை இரண்டு பேர் பங்கு போட்டுத் தூக்கலாம், காலியானால் ஒரே ஆள் ஒரு கைக்கு இரண்டாகப் பிடித்து நான்கு கொண்டு போகலாம். பக்கவாட்டில் அழுத்திய கோடுகள் பெட்ரோல் சூட்டில் விரிந்தால் இடம் கொடுக்கும். அதே காலத்தில் வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ்காரர்கள் வைத்திருந்த நான்கு காலன் மெல்லிய டின்கள் வழியெல்லாம் ஒழுகி, பெட்ரோலைப் பாலைவன மணலுக்குத் தானம் செய்துகொண்டிருந்தன. எதிரியிடமிருந்து பிடித்த கேனைப் பார்த்து அப்படியே காப்பியடித்தார்கள். நல்ல டிசைனுக்கு நாடு கிடையாது.

இந்தக் கதை நம்ம ஊருக்கு வருவது திருவொற்றியூர் வழியாக. 1950-களில் எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 350 சிசி புல்லட் 800 வேண்டும் என்று கேட்டது. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து எண்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைக் கோர்த்தார்கள், பிறகு எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். தாய்வீட்டுக் கம்பெனி இங்கிலாந்தில் மூடிப்போன பிறகும் சென்னைப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. பனிமலை எல்லையில் ஓடிய வண்டி வங்கக் கடற்கரையில் பிறந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. டெல்லியில் யாராவது புல்லட்டைப் பஞ்சாப் வண்டி என்றால் விடமாட்டேன்.

1974-ல் லடாக் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. மணாலி–லே சாலை 1989-ல் திறந்தது. அதற்குப் பிறகுதான் 'லடாக் கேரியர்' என்ற பொருளுக்கு ஊர் ஊராக வேலை வந்தது. கரோல் பாக்கில் நாய்வாலா கலி என்று பைக் சாமான் தெரு ஒன்று உண்டு (நம்மூர் நாய் வாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை). அங்கே வெல்டிங் அடித்துத் தருவார்கள். பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் இரும்புக் குழாய்க் கூண்டு, கேன் வைக்க ஒரு தட்டு. வடிவத்தில் அந்தப் போர்க்கால இரும்புச் சட்டத்தின் ஒன்றுவிட்ட பேரன். உடைந்தால் எந்த ஊர் வெல்டிங் கடையிலும் ஒட்டலாம் என்பது பெரிய வசதி. வெறும் கேரியரே நல்ல கனம் என்பது பெரிய வசதிக்குறைவு.

பூட்டு வந்த கதை

துணிப் பைக்குப் பூட்டுப் போட முடியாது. ஊரில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் மனசு பை மேலேயே இருக்கும். ஐரோப்பாவில் 1970-களில் ஜெர்மனியின் கிரவுசர் பெட்டிகள் பிரபலமாயின. பெட்டி வண்டியில் பூட்டி நிற்கும், ராத்திரி கழற்றிச் சூட்கேஸ் போல ஓட்டல் அறைக்குக் கொண்டு போகலாம். 1978-ல் இத்தாலியின் பிரெஷியாவில் ஜுசெப்பே விசென்சி என்ற முன்னாள் பந்தய வீரர் கிவி கம்பெனியைத் தொடங்கினார். இன்று நம் நகரங்களில் சாப்பாடு கொண்டு வருகிற பையனின் வண்டிப் பெட்டி வரை அந்த டாப் பாக்ஸ் வம்சம் பரவிவிட்டது.

எனக்குப் பிடித்த பெட்டிக் கதை எல்ஸ்பெத் பியர்டினுடையது. லண்டனில் கட்டடக் கலை படித்த பெண். 1982-ல் பழைய பி.எம்.டபிள்யூ. ஆர்60/6-ல் உலகம் சுற்றக் கிளம்பினார். சிட்னியில் மாதக்கணக்கில் தங்கி வேலை பார்த்தார். ஒரு கராஜில் குடியிருந்துகொண்டு, அலுமினியத் தகட்டைத் தானே மடித்து, ரிவெட் அடித்து, பூட்டுகிற மாதிரிப் பெட்டிகள் செய்துகொண்டார். தனியாகப் போகிற பெண்ணுக்குப் பூட்டு ஆடம்பரம் இல்லை. அப்படி இருந்தும் சிங்கப்பூரில் பாஸ்போர்ட், விசா, வண்டிக் காகிதங்கள் எல்லாம் திருட்டுப் போயின. மறுபடி வாங்க வாரக்கணக்கில் ஆயிற்று. தாய்லாந்தில் ஒரு விபத்து வேறு. பிறகு பினாங்கில் கப்பலேறி வந்து இறங்கியது நம்ம சென்னைத் துறைமுகத்தில். அந்தக் காலத்தில் மலேசியா, சிங்கப்பூர் உறவுக்காரர்கள் வந்து போன அதே கடல்வழி.

இதில் பெற்றோருக்கு ஒரு பாடம் இருக்கிறது. எத்தனை நல்ல பூட்டு இருந்தாலும் ஆர்.சி., லைசென்ஸ், பணம், போன் இவை பெட்டியில் இருக்கக்கூடாது. உடம்பில் இருக்க வேண்டும். நம் அப்பாக்கள் டிரங்குப் பெட்டியை பெர்த்துக்கு அடியில் சங்கிலி போட்டுக் கட்டினாலும், பணத்தை பனியன் உள்பையில்தான் வைத்தார்கள்.

லாரி தார்ப்பாயும் டெலிவிஷன் பெட்டியும்

பூட்டு ஒரு கிளை என்றால் மழை இன்னொரு கிளை. ஹார்ட்முட் ஓர்ட்லீப் என்ற ஜெர்மன் இளைஞர் 1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சைக்கிளில் சுற்றினார். அங்கே மழைக்கா பஞ்சம்? பைகள் நனைந்தன. பக்கத்தில் போன லாரிகளின் தார்ப்பாய் மட்டும் உள்ளே சொட்டு விடாமல் போனது. ஊர் திரும்பி அந்தத் துணியில் பை தைத்தார். 1982-ல் அதுவே கம்பெனியானது. வாயைச் சுருட்டிப் பட்டை மாட்டுகிற தண்ணீர் புகாத பைகளுக்கு அந்தப் பெயர் உலகப் புகழ்.

வாயைச் சுருட்டிப் பட்டை போடுவது என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது ஹோல்டால்தான். ஜி.டி. எக்ஸ்பிரஸிலும், 1976-லிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் டெல்லிக்கு வந்த தலைமுறையிடம் கேளுங்கள். தலைகாணி, ஜமக்காளம், வேட்டி, ஒரு செருப்பு, நடுவில் துணியில் சுற்றிய ஊறுகாய் பாட்டில், எல்லாம் உள்ளே போய்ச் சுருண்டு இரண்டு தோல் பட்டையில் அடங்கும். சாமான் குறைந்தால் ஹோல்டாலும் இளைக்கும். பெட்டி காலியாக இருந்தாலும் பெட்டியின் இடத்தை அடைக்கும். மென்மையான பைக்கும் கெட்டிப் பெட்டிக்கும் உள்ள முதல் வித்தியாசம் அதுதான்.

அப்படியானால் பையன்கள் ஏன் அலுமினியப் பெட்டிக்கு ஆசைப்படுகிறார்கள்? 2004-ல் நடிகர்கள் யூவன் மெக்ரெகரும் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து கிழக்கே போய் நியூயார்க் சேர்ந்த டெலிவிஷன் தொடருக்கு இதில் பெரிய பங்கு உண்டு. கனத்த பி.எம்.டபிள்யூ., பக்கத்துக்கொரு பெட்டி, மேலே மூட்டை. அந்தப் படமே 'சாகசம்' என்பதற்கு அடையாளமாகிவிட்டது. ஆனால் அதே தொடரை ஒழுங்காகப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மங்கோலியாவின் குழிகளில் கேமராமேனின் வண்டிச் சட்டம் உடைந்தது. வண்டியை ரிப்பேருக்கு அனுப்பிவிட்டு, அவர் சின்ன ரஷ்ய பைக் ஒன்றை வாங்கி ஓட்டினார். வண்டியை உடைத்தது குழி மட்டும் இல்லை, குழிக்கு மேலே இருந்த கனமும்தான் என்பது என் கட்சி.

டிவிஎஸ் 50 சொல்லித் தருவது

சரி, சாமானை எங்கே வைப்பது? இதற்கு ஜெர்மனி போக வேண்டியதில்லை. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் 50-ஐயும் அதன் வாரிசுகளையும் பாருங்கள். தேங்காய் மூட்டை, தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், எதுவானாலும் ஓட்டுகிறவர் முதலில் நிரப்புவது கால்களுக்கு நடுவில் உள்ள இடத்தை. தாழ்வான இடம், இரண்டு சக்கரங்களுக்கும் நடு. இயற்பியல் படிக்காத இளநீர்க்காரர் எடையின் மையத்தைச் சரியான இடத்தில் வைத்துவிடுகிறார். மிச்சத்தைத்தான் பின்னால் தொங்கவிடுகிறார்.

மருமகன் வண்டி பழைய ஹிமாலயன், 411 சிசி. 2016-ல் அந்த மாடல் வந்தபோதே பெட்டியும் கேனும் மாட்ட இடம் வைத்துத்தான் வந்தது. காலி வண்டியே பெட்ரோலோடு 199 கிலோ. சக்கரத்துக்குச் சக்கரம் 1,465 மில்லிமீட்டர். பின்சக்கர அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் உள்ள டாப் பாக்ஸில் 20 கிலோ வைத்தால் என்ன ஆகும் என்று பையனிடம் கணக்குப் போடச் சொன்னேன். சீசா பலகைக் கணக்குதான். பின்சக்கரத்தில் ஏறுவது 20 இல்லை, 24 கிலோ. முன்சக்கரத்திலிருந்து 4 கிலோ கழிந்துவிடுகிறது. மேடு ஏறும்போது இன்னும் கழியும். திருப்புகிற சக்கரம் தரையை லேசாகத்தான் தொடுகிறது என்றால், சரளைக் கல்லில் ஹாண்டில் நம் பேச்சைக் கேட்காது. இன்ஜினியரிங் படித்த பிள்ளை, உடனே புரிந்துகொண்டான். டாப் பாக்ஸ் அன்றைக்கே கழன்றது.

பக்கப் பெட்டிகளுக்கு நேரம் பிடித்தது. "பூட்டு இருக்கு மாமா." "சரி. அந்த ரோட்டில் உனக்குத் திருட்டு பயமா, விழுகிற பயமா?" மணாலி–லே பாதையில் பனி உருகி ரோட்டின் குறுக்கே ஓடுகிற நாலாக்கள் உண்டு. மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் ஏறும். அங்கே காலை ஊன்றிச் சமாளிக்கிறபோது வண்டி பின்னுக்கு நகர்ந்தால், கெட்டிப் பெட்டியின் முன்விளிம்பு கெண்டைக்காலில் வந்து இடிக்கும். சாய்ந்தால் கால் பெட்டிக்கு அடியில் மாட்டும். துணிப் பை நசுங்கிக் கொடுக்கும். விழுவதைப் பை தடுக்காது, ஆனால் விழுந்த பிறகு எழுந்திருக்க விடும். பெங்களூரிலிருந்து ஊட்டிக்கோ சென்னைக்கோ நல்ல தார் ரோட்டில் போய், ராத்திரி ஓட்டலில் தங்குகிறவருக்கு என் பதில் நேர்மாறு. அங்கே கெட்டிப் பெட்டியே வசதி. மழை புகாது, பூட்டலாம், வீட்டம்மா சேலை கசங்காது.

இப்போது ரைநாக்ஸ், வயாடெரா என்று நம் நாட்டிலேயே நல்ல துணிப் பைகள் தைக்கிறார்கள். அதில் ஒரு ஜோடி வாங்கினான். வாங்கும்போது பார்த்தது நான்கு விஷயம். உள்ளே தனியாகக் கழற்றுகிற தண்ணீர் புகாத உறை உண்டா? சைலன்ஸர் பக்கம் சூடு படாமல் தள்ளி நிற்கிறதா? பட்டையின் நுனி தொங்கிச் சங்கிலியிலோ சக்கரத்திலோ சுற்ற வழி இருக்கிறதா? கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு இல்லாமல் பக்கிள் பட்டையிலேயே முழுதும் நிற்கிறதா? அந்தக் கொக்கி நழுவித் தெறித்தால் கண்ணுக்குத்தான் முதலில் வரும்.

கழித்த சாமான்கள்

அடுத்தது பெட்ரோல். மணாலிக்கு அப்பால் தாண்டி என்று ஒரு ஊர். பேரே 'தாண்டி'! அங்கே பங்கில் அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் என்று எழுதிய போர்டு பைக்காரர்களிடையே பிரபலம், எல்லாரும் நின்று போட்டோ எடுப்பார்கள். அந்த போர்டைப் பார்த்துத்தான் பத்து லிட்டர் கேன். ஹிமாலயன் டேங்க் 15 லிட்டர். மலையில் லிட்டருக்கு 25 என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் 375 கிலோமீட்டர். ஐந்து லிட்டர் கூடுதல் போதும். அது 3.7 கிலோ. பத்து லிட்டர் என்றால் ஏழரைக் கிலோ. அதுவும் பெட்ரோலுக்கென்றே செய்த கேனில். தண்ணீர் கேனிலோ கோலா பாட்டிலிலோ கூடாது.

கூடாரமும் ஸ்டவ்வும் எதற்கு என்று கேட்டேன். வழியில் ஜிஸ்பாவில் அறை கிடைக்கும், சர்ச்சுவிலும் பாங்கிலும் சீசனில் கூடார விடுதிகளும் தாபாக்களும் உண்டு. ரோட்டை விட்டு விலகி ஏரிக்கரையில் தங்குகிற திட்டம் இல்லை. ஹோல்டிங் தன் கூடாரத்தை மெல்லிய துணியில் தைத்ததே, அதைச் சுமந்தே தீரவேண்டியிருந்ததால். தேவையில்லாதபோது எத்தனை மெலிந்த கூடாரமும் கனம்தான். இரண்டும் கழிந்தன. லேப்டாப் கழிந்தது. மூன்றாவது ஜீன்ஸ் கழிந்தது.

கழிக்கக்கூடாததையும் எழுதி வைத்தோம். அந்த வண்டிக்கு ஸ்போக் சக்கரம், டியூப் டயர். ஆகவே முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று டியூப், டயர் லீவர், காற்றடிக்கிற பம்ப், கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள். இரும்புச் சாமான் எல்லாம் பையின் அடியில், எத்தனை முன்னால் தள்ள முடியுமோ அத்தனை முன்னால். மழைக்கோட்டு மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே, நின்ற இடத்தில் எடுக்கிற மாதிரி. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகள் ஜாக்கெட் பையில். டாங்லாங் லா 5,300 மீட்டருக்கு மேல். அங்கே மூச்சு வாங்குகிறபோது பையைப் பிரித்துத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அக்காவின் பார்சல் ஒன்று இருந்தது. முறுக்கு, அதிரசம், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், மொத்தம் இரண்டரை கிலோ. இதைக் கழிப்பதற்கு எனக்குத் தைரியம் இல்லை, தங்கமணிதான் முடிவெடுத்தாள். "பருப்புப் பொடி கால் கிலோ போகட்டும், வடக்கே எங்கேயும் சோறு கிடைச்சா போதும், சாப்பிட்டுக்குவான். மத்தது அவன் திரும்பி வந்து நம்ம வீட்டுல சாப்பிடட்டும்." டப்பாவில் அவன் பேரை எழுதி அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டாள்.

கடைசியில் பை, கேன், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 19 கிலோ. இடது பை ஏழரை, வலது பை ஏழரை, மிச்சம் கேன். அக்காவுக்குப் போன் செய்து 46 கிலோ 19 ஆன கதையைச் சொன்னேன். அவளுக்கு எண்ணில் நம்பிக்கை இல்லை. "கீழ விழுந்தா அவனே தூக்கிருவானா?" என்று மட்டும் கேட்டாள். யோசித்துப் பார்த்தால், இத்தனை பக்கம் எழுதியதைவிட அந்தக் கேள்வி நேராக இருக்கிறது.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை பையனைச் சாமான் முழுதும் கட்டச் சொல்லி, பக்கத்து மைதானத்தில் புல் மேல் வண்டியை மெதுவாகப் படுக்க வைத்தோம். முதுகைத் திருப்பி, சீட்டுக்கு அடியில் ஒரு கை, ஹாண்டிலில் ஒரு கை கொடுத்து, காலால் உந்தி எழுப்பினான். இரண்டாவது தடவையும் எழுப்பினான். மூன்றாவது தடவை மூச்சு வாங்கியது, ஆனாலும் எழுப்பினான். டெல்லி இருப்பது கடல் மட்டத்திலிருந்து 200 சொச்சம் மீட்டரில். அவன் போகிற இடத்தில் காற்று இதில் பாதிதான். "இன்னும் ரெண்டு கிலோ குறைக்கலாம் மாமா" என்று அவனே சொல்லி டிரைபாடை வெளியே எடுத்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் புனேயிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு இப்படி ஒரு பயணத்துக்குக் கிளம்பினால், போனில் "பத்திரம், மெதுவாப் போ" என்பதோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். மொத்தம் எத்தனை கிலோ? கட்டின மூட்டையோடு வண்டியைப் படுக்கப் போட்டுத் தூக்கிப் பார்த்தியா?